இருக்கிறாரா என்று கேட்கிற வேலை

இராஜரத்தினம் பார்த்த வேலையை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: ஆள் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று கேட்டு எழுதுவது. கண்டியில் நான் தாதியாக இருந்த புற்றுநோய்க் கிளினிக்கின் மூலையில் அவருக்கு ஒரு கதிரையும் ஒரு கிழட்டுக் கணினியும் கொடுத்திருந்தார்கள். யாழ்ப்பாணத்து மனிதர். பேராதனையில் படிக்க வந்து, எண்பத்துமூன்று கலவரத்தில் அடி வாங்கி, படிப்பைப் பாதியில் விட்டுக் கண்டியிலேயே தங்கிவிட்டவர். கலியாணம் காட்சி ஒன்றும் இல்லை. எப்போது பார்த்தாலும் இரவெல்லாம் பஸ்ஸில் வந்து இறங்கியவர் போலத்தான் இருப்பார்.

குடற்சுவரில் வரும் அபூர்வமான ஒரு புற்றுநோய். நாட்டுக்கு நாடு ஒரு கைப்பிடி நோயாளிகள்தான் என்பதால், பல நாட்டு ஆட்களையும் ஒரே பதிவேட்டில் சேர்த்து, வெளிநாட்டு நிறுவனம் ஒன்று புது மருந்தைக் கொடுத்துச் சோதித்துக்கொண்டிருந்தது. மாதா மாதம் கிளினிக்குக்கு வருகிறவருக்கு மாத்திரை இலவசம். வராவிட்டால் என்ன நடந்தது என்று அங்கிருந்து மின்னஞ்சல் வரும். இராஜரத்தினம் தேடிப் போக வேண்டும்.

“நாட்டில எத்தினை சனம் காணாமப் போகுது, ஒருத்தன் கேக்கிறானோ? இவங்கள் கடல் தாண்டி இருந்து கேக்கிறாங்கள், மிஸ்” என்பார். அவருடைய தங்கச்சி குடும்பம் அப்போது சண்டை நடந்த கிளிநொச்சிப் பக்கம். போனும் இல்லை, கடிதமும் இல்லை. அதைப் பற்றி நான் வாய் திறந்தால் எழும்பித் தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவார்.

எங்களுக்கு இருந்த நோயாளிகளில் ஒருவர் வீரய்யா. மடுல்கெல்லைத் தேயிலைத் தோட்டம். வரும்போது தூக்கிக்கொண்டு வந்தார்கள். மருந்து பிடித்துக்கொண்டது, கட்டி சுருங்கிற்று, மனிதர் மறுபடி தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டப் போனார். அந்த மருந்து தோலைக் கொஞ்சம் வெளிறச் செய்யும். “மிஸ்ஸி, வெள்ளக்காரன் மாத்திரையத் தின்னு நானும் வெள்ளக்காரனா ஆயிட்டேன், பாருங்க!” என்று கையை நீட்டுவார். அந்தக் கிளினிக்கில் சிரிப்புச் சத்தம் கேட்டால் அது வீரய்யா வந்த நாள்.

இரண்டாயிரத்து எட்டில் எங்கோ ஒரு பஸ்ஸில் குண்டு வெடித்தது. அடுத்த கிளினிக்குக்கு வரும் வழியில் ஒரு சோதனைச்சாவடியில் தமிழன் என்று வீரய்யாவை இறக்கிப் பொழுதுபடும்வரை வைத்திருந்தார்களாம். இது பிறகுதான் எங்களுக்குத் தெரியும். அன்றும் அவர் வரவில்லை, அடுத்த மாதமும் வரவில்லை. மின்னஞ்சல் வந்தது. இராஜரத்தினம் புறப்பட்டார்.

எந்த மேதாவி ஏற்பாடு செய்தானோ தெரியாது, அவரை அனுப்பியது வாடகை வான் ஒன்றில். வெள்ளை வான்! அந்தக் காலத்தில் வெள்ளை வான் என்றால் ஆள் கடத்துகிற வண்டி; பிள்ளைகள்கூடக் கட்டிலுக்கு அடியில் ஒளியும். அதிலிருந்து கையில் கோப்போடு ஓர் அந்நியர் இறங்கி, தோட்டத்துத் தமிழும் பேசாமல், “வீரய்யா எண்டவர் எங்கை இருக்கிறார்?” என்று கேட்டால் தொழிலாளர் குடியிருக்கிற லயத்தில் யார் வாய் திறப்பார்கள்? அங்கே அதற்கென்று ஒரு வழக்கம் இருந்தது. பெயர் சொல்லி ஆள் கேட்டு வந்தால், அப்படி ஒருவர் இல்லை. விடாமல் கேட்டால், செத்துப்போய்விட்டார். வீரய்யாவின் மனைவி இராஜகுமாரி அவர்களுடைய ஒற்றை அறைக் காம்பராவின் வாசலில் உட்கார்ந்து ஒப்பாரியே வைத்தாளாம். பக்கத்து வீட்டுப் பெண்களும் சேர்ந்து அழுதார்களாம். இவரும் நின்று கண்ணைத் துடைத்துவிட்டு வந்து, இறந்துவிட்டார் என்று எழுதி அனுப்பினார். வெளிநாட்டிலிருந்து அனுதாபம் தெரிவித்துப் பதில்கூட வந்தது.

சில வாரம் கழித்து வீரய்யா கிளினிக் வாசலில் வந்து நின்றார். மறுபடி பிடிப்பார்கள் என்று பயந்து கலகெதரவில் மச்சான் வீட்டில் ஒளிந்திருந்தாராம். மாத்திரையைப் பாதி பாதியாக உடைத்துத் தின்று, அதுவும் முடிந்துவிட்டது. அவரை ஒரு கதிரையில் இருத்தினேன். பிறகு இராஜரத்தினத்தின் மேல் பாய்ந்தேன்.

“ஒப்பாரி வைச்சவளின்ர நெத்தியில பொட்டு இருந்ததோ இல்லையோ? அதையாவது பாத்தனீங்களோ?”

“இருந்ததெண்டுதான் நினைக்கிறன்,” என்றார் மெல்ல.

ஐயோ, கடவுளே! பொட்டு வைத்துக்கொண்டு ஒருத்தி புருஷனுக்கு ஒப்பாரி வைக்கிறாள், இந்த மனிதர் கண்ணைத் துடைக்கிறார்!

அன்றைக்கே எழுதினோம், ஆள் இருக்கிறார் என்று. அவருடைய இடம் வேறொரு நாட்டு நோயாளிக்குப் போய்விட்டது, புதிதாக ஆள் எடுப்பதும் நிறுத்தியாயிற்று, தனி அனுமதி வேண்டும், அதற்கு ஒரு குழு கூட வேண்டும் என்றார்கள். அந்த மருந்து கடையில் வாங்குகிற மருந்தில்லை. இராஜரத்தினம் எழுதினார், எழுதினார், எழுதிக்கொண்டே இருந்தார். சாப்பாட்டை மறந்தார். வீரய்யா மாதா மாதம் வந்துபோனார். வயிறு வீங்க வீங்க வந்தார். “நான் உசுரோட இருக்கேன்னு வெள்ளக்காரன் இன்னும் நம்பலியாங்க?” என்று அப்போதும் பகிடி. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. பிறகு வருவதை நிறுத்திவிட்டார்.

கடைசியில் அனுமதி வந்தது. மருந்தும் வந்தது. அன்றுதான் இராஜரத்தினம் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தேன். “இந்த முறை நானும் வாறன், பொம்பிளை ஒராள் வந்தால் பயப்பிடமாட்டினம்” என்று மருந்தை என் கைப்பையில் வைத்துக்கொண்டேன். மடுல்கெல்லை பஸ் முக்கி முனகி ஏறியது. வழி நெடுக அவர் பேசிக்கொண்டே வந்தார்.

இராஜகுமாரி அப்போதுதான் கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு வந்திருந்தாள். எங்களைக் கண்டதும் கூடையை இறக்கி வைத்தாள்.

“தங்கச்சி, மருந்து வந்திட்டுது! அவரைக் கூப்பிடுங்கோ” என்று இராஜரத்தினம் முந்திக்கொண்டார்.

“அவரு போன மாசமே போயிட்டாருங்க, ஐயா.”

இராஜரத்தினம் சிரித்தார். “சரி, சரி. வானும் இல்லை ஒண்டும் இல்லை, பஸ்ஸிலதான் வந்தனாங்கள். மிஸ்ஸியைத் தெரியுந்தானே? பயப்பிடாமல் கூப்பிடுங்கோ.” அவர் அவளைத் தாண்டிக் காம்பரா வாசலுக்குப் போய், உள்ளே எட்டி, “வீரய்யா! நான்தான், வெளியில வாங்கோ!” என்று கூப்பிட்டார். நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். உதறிவிட்டு மறுபடியும் கூப்பிட்டார்.

இராஜகுமாரி அழவில்லை. களைத்துப்போன குரலில் கேட்டாள்:

“அன்னைக்குப் பொய் சொன்னேன், ஒடனே நம்பிட்டீங்க. இன்னைக்கு ஏன்யா நம்ப மாட்டேங்கிறீங்க?”