ரோலை முடிக்க எடுத்த படம்

பொறாமை எனக்குப் புதிதல்ல. எதிர்வீட்டுக்காரர் ஸ்கூட்டர் வாங்கியபோது எரிந்திருக்கிறது, கூட வேலை பார்த்தவனுக்கு எனக்கு முன்னால் பிரமோஷன் வந்தபோதும் எரிந்திருக்கிறது. ஆனால் சொந்தப் பெண்டாட்டி சிரித்த படத்தைப் பார்த்து வயிறு எரிந்தவன் மேற்குத் தாம்பரத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

எண்பதுகளின் கடைசியில் நாங்கள் குடியிருந்த வீட்டில் கீழ் போர்ஷன் எங்களுடையது. மாடியில் இருந்த ஒற்றை அறையில் ஒரு நண்பன் தங்கியிருந்தான். காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரியில் லேப் அசிஸ்டன்ட், கோவளம் பக்கத்து மீனவக் குடும்பம். வந்த வாரமே என்னை மச்சான் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டான். அதனால் என் மனைவி அவனுக்குத் தங்கச்சி.

எங்களைச் சேர்த்துவைத்தது கேமராப் பைத்தியம். என்னுடையது செகண்ட் ஹேண்டில் வாங்கிய ரஷ்யக் கேமரா. செங்கல் கனம் இருக்கும். பட்டனை அழுத்தினால் தகரக் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்கும். அவனுடையது ரெட்டைக் கண் கேமரா. கப்பலில் வேலை பார்த்த பெரியப்பா எங்கிருந்தோ வாங்கி வந்தது, எங்கள் இருவரையும்விட வயதில் மூத்தது. மேலும் கீழுமாக இரண்டு லென்ஸ், மேலே இருப்பது பார்க்க, கீழே இருப்பது எடுக்க. அதைக் கண்ணருகே தூக்கிப் பிடிக்கக் கூடாது. வயிற்றோடு அணைத்துக்கொண்டு, மேல்மூடியைத் திறந்து, தலையைக் குனிந்து உள்ளே பார்க்க வேண்டும். அங்கே ஒரு சதுரக் கண்ணாடியில் உலகம் இடவலம் மாறித் தெரியும். நான் முதல் தடவை குனிந்து பார்த்தது தாம்பரம் ஸ்டேஷன் நடைமேடையில். பீச்சிலிருந்து வந்த மின்சார ரயில் கண்ணாடிக்குள் தப்பான பக்கத்திலிருந்து மெதுவாக நுழைந்து நின்றது. ஜனம் இறங்கியது. அவ்வளவு அழகாக அந்த ஸ்டேஷனை நான் பார்த்ததே இல்லை. அன்றைக்கே அந்தக் கேமரா மேல் கண் வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் கிளம்பிவிடுவோம். பல்லாவரம் கல்குவாரி, ஏரிக்கரை, மார்க்கெட். நான் படபடவென்று எடுத்துத் தள்ளுவேன். அவனுக்கு ஒரு ரோலுக்குப் பன்னிரண்டே படம்தான், அதனால் பார்த்துக்கொண்டே இருப்பான், எடுக்க மாட்டான். பாரிமுனைப் பக்கம் ஒரு கடையில் கெடு தாண்டிய கிழக்கு ஜெர்மனி பிலிம் மலிவாகக் கிடைக்கும். அதை வாங்கிவந்து எங்கள் ஃபிரிட்ஜில் மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் அடுக்குவோம். எடுத்த பிலிமைக் கழுவுவது எங்கள் பாத்ரூமில். சித்திரை வெயிலில் குழாய்த் தண்ணீரே வெந்நீராக வரும். மருந்தைக் குளிரவைக்க ஐஸ் கட்டி வேண்டும். உப்புத் தண்ணீரில் அலசினால் பிலிமில் வெள்ளைத் திட்டு விழும் என்பதால் கடைசி அலசலுக்குக் குடிதண்ணீர் வேண்டும். காய்கிற வரை தூசி ஒட்டக் கூடாது என்று ஃபேனையும் நிறுத்திவிடுவோம். குடிதண்ணீர் பிடித்துவந்தவள், ஃபேன் இல்லாமல் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், எல்லாம் என் மனைவிதான்.

அவள் கீழ்க்கட்டளைக்காரி. பேச்சும் சிரிப்புமாக இருப்பாள். ஆனால் நான் கேமராவை எடுத்தால் போதும், முகம் ரேஷன் கார்டு போட்டோ மாதிரி ஆகிவிடும். கல்யாணமான நாளிலிருந்து மகாபலிபுரத்தில், வண்டலூரில், மாமனார் வீட்டுக் கிணற்றடியில் எத்தனையோ ரோல் எடுத்தாயிற்று. ஒன்றில்கூட அவள் இல்லை. யாரோ ஒரு கண்டிப்பான அம்மாள் இருந்தாள். அவள் என்னைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி ஒரு படம், ஒரே ஒரு படம் வேண்டும் என்பதுதான் அப்போது என்னுடைய பெரிய ஆசை.

ஒரு ஞாயிறு சாயங்காலம் மொட்டைமாடியில் நின்றுகொண்டிருந்தோம். நண்பனின் ரோலில் கடைசிப் படம் ஒன்று பாக்கி. அதை முடித்தால் உடனே கழுவலாம். துணி எடுக்க வந்த என் மனைவியைக் கூப்பிட்டான்.

"தங்கச்சி, அப்டியே நில்லு. ரோல முடிச்சிர்றேன்."

குனிந்தான், திருகினான், அழுத்தினான். 'க்ளிக்'கூட இல்லை, பல்லி நாக்கைத் தட்டுகிற சத்தம்தான். நான் அவனுக்குப் பின்னால் நின்று, அவன் விரல் கேமராவின் பக்கவாட்டுக் கைப்பிடியைச் சுற்றுகிற பதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

படத்தைப் பெரிதாக்குகிற என்லார்ஜர் என்னுடையது என்பதால் அவன் படங்களையும் நான்தான் பிரிண்ட் போடுவேன். அடுத்த சனிக்கிழமை மதியம், சன்னலைக் கம்பளியால் அடைத்து, சிவப்பு பல்பின் கீழே, மருந்து டிரேயில் தாளை ஆட்டிக்கொண்டிருந்தேன். முதலில் கொடிக்கயிறு வந்தது. பிறகு புடவைக் கரை. பிறகு அவள் முகம். தோளில் துணியை அள்ளிப் போட்டுக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்து, சிரிக்கிறாள். பல் தெரியாத, கண் முழுக்க இருந்த சிரிப்பு. கல்யாணமான புதிதில் விளக்கை அணைக்கும் முன் எனக்கு மட்டும் கிடைத்த முகம் அது. நான் ரோல் ரோலாகத் தேடியதை இவன் மிச்சம் மீதிக்கு எடுத்திருக்கிறான்.

கொஞ்சம் கறுப்பாக இன்னொரு பிரிண்ட் போட்டுப் பார்த்தேன். அதுவும் நன்றாகவே இருந்தது.

மாமனார் பார்த்துவிட்டு அதற்குச் சட்டம் போட்டு அனுப்பினார். கூடத்தில் மாட்டினோம். வருகிறவர்கள் எல்லாரும் காபி குடிக்கும் முன்பே கேட்பார்கள். மாடி வீட்டுக்காரர் எடுத்தது என்று நான் சொல்ல வேண்டும். "நீங்களும் கேமரா வச்சிருக்கீங்களே மாப்ளே" என்று மாமனார் ஒரு தடவை விசாரித்தார். நல்ல மனிதர், குத்திப் பேசுகிறவர் அல்ல, அதனால்தான் இன்னும் வலித்தது.

எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அவன் லென்ஸில் ஒரு ஓரம் பூஞ்சை பிடித்திருந்தது, அந்த மென்மை அதனால் வந்தது. பிலிம் பழசு. வெயில் சாய்ந்த நேரம். ஆனால் ஒருநாள் சட்டத்தைத் துடைக்கும்போது இன்னொன்று கண்ணில் பட்டது. அவள் லென்ஸைப் பார்க்கவில்லை. பார்வை அதற்கு மேலே போகிறது. கேமரா அவன் வயிற்றில் இருந்தால், அதற்கு மேலே என்ன இருக்கும்? அவன் முகம்.

சந்தேகம் என்று சொல்ல மாட்டேன். தங்கச்சி என்று கூப்பிடுகிறவன் மேல் சந்தேகப்பட்டால் நாக்கு அழுகிவிடும். சந்தேகமாக இருந்தால்கூடச் சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம். இதை என்னவென்று போய்ச் சொல்வது? உன்னைப் பார்த்து என் மனைவி நன்றாகச் சிரித்துவிட்டாள் என்றா? சாப்பாட்டில் உப்பில்லை என்று அவளிடம் எரிந்து விழுந்தேன். உப்பு இருந்தது.

கடைசியில் வெட்கத்தை விட்டு அவனிடமே கேமராவைக் கேட்டேன்.

"இன்னா மச்சான், இதுக்குப் போய் கேட்டுகினு கீற? எட்த்துக்கோ" என்று கழற்றிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டான்.

அதே கிழக்கு ஜெர்மனி பிலிம், அதே மாடி, அதே வெயில். அவள் தோளில் துணியைக்கூட நானே எடுத்துப் போட்டேன். எதிரே நின்று, மூடியைத் திறந்து, குனிந்தேன். சதுரக் கண்ணாடியில் ரேஷன் கார்டு நின்றது.

"கொஞ்சம் சிரியேன்."

"யாரைப் பாத்து? எனக்கு உங்க உச்சந்தலைதான் தெரியுது."

நிமிர்ந்தேன். மறுபடி குனிந்து பார்த்தேன். உண்மைதான். இந்தக் கேமராவில் படம் எடுக்கிறவனுக்கு முகமே கிடையாது. அன்றைக்கு அவனும் குனிந்துதான் இருந்தான்.

"அப்ப அன்னிக்கு யாரைப் பாத்த?"

அவள் துணியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள். இது ஒரு கேள்வியா என்கிற மாதிரி என்னைப் பார்த்தாள்.

"உங்களத்தான். அவரு பின்னாடி நின்னுக்கிட்டு அந்தக் கேமராவையே முழுங்குற மாதிரி பாத்தீங்க. பக்கத்து வூட்டுப் புள்ள கையில முறுக்கப் பாக்குற புள்ள மாதிரி மூஞ்சி. எனக்குச் சிரிப்பு வந்திடுச்சி."

நான் கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டபடி நின்றேன். தோள் துணியை அவள் மடிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"என்னிய ஒரு தடவயாச்சும் பாப்பீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்" என்றாள். "அவரு எடுத்து முடிச்சி மூடியும் போட்டுட்டாரு. நீங்க பாக்கவேயில்ல."