சித்தி நின்ற பக்கங்கள்

எங்கள் அலுவலகத்தில் சித்தியைச் சித்தி என்று கூப்பிடாத ஆள் கிடையாது. காரணம் சின்னது. அவருடைய அக்கா மகள் முதலில் இங்கே வேலை பார்த்தாள். அவள்தான் சித்தியைக் கூட்டிவந்து சேர்த்துவிட்டாள். பிறகு கல்யாணமாகி அவள் போய்விட்டாள். உறவுமுறையை மட்டும் எங்களிடம் விட்டுவிட்டுப் போனாள். சித்தியைவிட வயதில் மூத்த காவலாளியும் சித்தி என்கிறார். சித்தியும் முகம் சுளிக்காமல் "என்ன?" என்கிறார்.

வேலை இதுதான். பழைய புத்தகங்கள் கட்டுக்கட்டாக வரும். அவற்றை ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றிவிட்டு, புத்தகத்தை ஒரு கீறல் இல்லாமல் திருப்பி அனுப்ப வேண்டும். ஸ்கேனர் என்றதும் மூடியைத் திறந்து காகிதத்தைக் கவிழ்த்து வைக்கிற பெட்டியை நினைக்காதீர்கள். எங்களுடையது மேலேயிருந்து பார்க்கிற ரகம். மேஜைமேல் கறுப்பு விரிப்பு, இரண்டு பக்கமும் விளக்கு, உச்சியில் ஒரு கேமரா தலையைக் குனிந்துகொண்டு நிற்கும். புத்தகத்தை விரித்து வைத்து, பக்கத்தைப் புரட்டி, கையை எடுத்துவிட வேண்டும். சில வினாடிகளுக்கு ஒரு தடவை அதுவே 'க்ளிக்' என்று படம் எடுத்துக்கொள்ளும். புரட்டு, கையை எடு, க்ளிக். புரட்டு, கையை எடு, க்ளிக். இதற்கு மூளை வேண்டாம், முதுகு வேண்டும்.

நான் அடுத்த அறையில் உட்கார்ந்து சரிபார்க்கிறவன். பக்கம் கோணலாக இருக்கிறதா, நிழல் விழுந்திருக்கிறதா, யாருடைய கட்டைவிரலாவது ஓரத்தில் எட்டிப் பார்க்கிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பேன். எனக்குக் கழுகு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வைத்துக்கொள்ளட்டும். வேலைக்குச் சேர்ந்த அன்று எனக்குச் சொல்லிக்கொடுத்த ஒரே பாடம், 'எழுத்தைப் பார்க்காதே, ஓரத்தைப் பார்' என்பதுதான். எழுத்தைப் பார்த்தால் படித்துவிடுவோம், படித்தால் வேலை நின்றுவிடும். ஆகவே இங்கே வந்துபோன அத்தனை புத்தகங்களின் ஓரமும் எனக்கு அத்துப்படி. உள்ளே என்ன இருந்தது என்று கேட்டால் கையை விரிப்பேன்.

சித்தியிடம் இந்தப் பாடம் எடுபடவில்லை. பூகோளம், சட்டம், வேளாண்மை எல்லாம் அவர் கையில் பளிச்சென்று வரும். கதைப்புத்தகம் வந்ததோ, நான் தொலைந்தேன். ஒரே பக்கம் ஐந்து தடவை, எட்டு தடவை வந்து நிற்கும். சித்தி படிப்பதற்காக நின்றுவிடுவார். அவர் நின்றது இயந்திரத்துக்குத் தெரியாது; அது பாட்டுக்குப் படம் எடுத்துத் தள்ளும். கல்யாண ஆல்பத்தில் யாரோ ஒரு மாமா எல்லாப் படத்திலும் அதே சிரிப்போடு நிற்பாரே, அப்படி. ஒவ்வொன்றாக அழிப்பது என் தலையெழுத்து.

மூக்குமேல் கோபத்தோடு எழுந்து போவேன்.

"சித்தி, நூத்திப் பன்னிரண்டாம் பக்கம் எட்டு தடவை வந்திருக்கு."

"அது அந்தப் பொண்ணு வீட்டை விட்டுக் கிளம்புற இடம் தம்பி."

"எந்தப் பொண்ணு? அதுக்கப்புறம் நூத்தி நாற்பது ஆறு தடவை."

"திரும்பி வர்றா. ஆனா கதவு பூட்டியிருக்கு. என்ன பண்ணுவா, பாவம்!"

இப்படிச் சொல்கிற ஆளிடம் என்ன கோபப்படுவது? சிரித்துத் தொலைப்பேன். போகப்போக, படங்களின் எண்ணிக்கையைப் பார்த்தே கதை எங்கே சூடுபிடிக்கிறது என்று சொல்லிவிடுவேன். அந்த மட்டில் நானும் கொஞ்சம் இலக்கியம் கற்றுக்கொண்டேன் என்று வையுங்கள்.

ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டின்போது கேட்டுவிட்டேன். "அப்படி என்ன சித்தி அவசரம்? வெளியில ஒரு புத்தகம் வாங்கி ஆற அமரப் படிக்க வேண்டியதுதானே?"

"எப்ப தம்பி? காலையில அடுப்படி. ராத்திரி தலையைச் சாய்ச்சா அடிச்சுப்போட்ட மாதிரி தூக்கம். நான்னு ஒருத்தி உட்கார்றதே இந்த மேஜையிலதான்." சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டு, அவராகவே தொடர்ந்தார். "எங்க வீட்டுக்காரர் லாரி ஓட்டினவர். கல்யாணம் ஆனதுலேருந்து ரோட்டுலயேதான் இருந்தார். வந்தா குளிப்பார், சாப்பிடுவார், தூங்குவார், போயிடுவார். இப்ப முதுகு போயிடுச்சு, வண்டியை விட்டுட்டார். நாள் பூரா வீட்டுல. 'சாப்டீங்களா', 'சாப்ட்டேன்'. அதோட முடிஞ்சுது பேச்சு. எதிரும் புதிருமா உட்கார்ந்துகிட்டு சுவத்தைப் பார்ப்போம். சண்டை போடக்கூட விஷயம் இல்ல தம்பி. பயமா இருந்துச்சு."

ஒரு சாயங்காலம், சும்மா இருக்க முடியாமல், அன்றைக்கு ஸ்கேன் செய்த கதையில் வந்த திருடனைப் பற்றிச் சித்தி கணவரிடம் சொல்லியிருக்கிறார். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, "சுத்த மடையனா இருக்கானே!" என்றாராம். அன்று தொடங்கியதுதான். அவர் வாதாடுவார், திட்டுவார், அடுத்து என்ன நடக்கும் என்று பந்தயம் கட்டுவார். சித்தி வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் "அப்புறம்?" என்பாராம்.

"இந்த மேஜை போச்சுன்னா திரும்ப 'சாப்டீங்களா, சாப்ட்டேன்'தான்" என்றார் சித்தி. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் நான் பாதிச் சாப்பாட்டோடு டப்பாவை மூடிவிட்டேன்.

எங்கள் அலுவலகத்தின் பொறுப்பாளரான மேடம் தங்கமானவர். மாதக் கடைசியில் மட்டும் அந்தத் தங்கத்தை உரசிப் பார்க்கக் கூடாது. ஒரு மாதக் கடைசியில், இத்தனை புத்தகம் முடித்திருக்க வேண்டுமே, ஏன் முடியவில்லை என்று நோண்டினார். நான் அழித்த படங்களெல்லாம் வெளியே வந்தன. சித்தியை ரசீது கவுன்ட்டருக்கு அனுப்பிவிட்டு, கவுன்ட்டரில் இருந்தவரை ஸ்கேனரில் உட்கார வைத்தார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ரயில். எந்த நிலையத்திலும் நிற்க மாட்டார். சித்தி பாதியில் விட்ட கதைப்புத்தகத்தை அன்று சாயங்காலத்துக்குள் முடித்துவிட்டார். ஒரு பக்கம் கோணல் இல்லை, ஒரு விரல் இல்லை, ஒன்றுகூட இரட்டை இல்லை. எனக்கு வேலையே இல்லாமல் போயிற்று. அது எனக்குப் பிடிக்கவில்லை என்பதுதான் ஆச்சரியம்.

சித்தி ரோஷக்காரி. மறு வார்த்தை பேசாமல் ரசீதுப் புத்தகத்தைப் பிரித்துக்கொண்டார். கதை என்ன ஆயிற்று என்று ரயிலிடமும் கேட்கவில்லை, என்னிடமும் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் மேடம் அறைக்குள் ஒருவர் நுழைந்தார். வாட்டசாட்டமான ஆள், ஒரு கையால் இடுப்பைத் தாங்கிப் பிடித்திருந்தார். நான் அங்கே ஒரு கோப்போடு நின்றிருந்தேன்.

"இங்க யாரும்மா பொறுப்பு? அந்தத் தபால் வண்டி என்ன ஆச்சு?"

மேடம் குழம்பினார். "இன்னைக்குத் தபால் வண்டி இன்னும் வரலையே."

"எப்படி வரும்? முந்தாநாள் சாயங்காலத்துலேருந்து பாலத்து மேலயே நிக்குது!"

"ஐயோ, எந்தப் பாலம்?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? அடைமழை, கீழே வெள்ளம். உள்ளே குழந்தைக்கு மருந்து இருக்கு. பிரேக் பிடிக்கலன்னு கிளம்பும்போதே டிரைவர் சொல்லியிருக்கான். அவனை எவன் அனுப்பினது?"

மேடம் கை போன்மேல் போய்விட்டது. யாரைக் கூப்பிடப்போகிறார் என்று எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரிந்திருக்காது. அதற்குள் கவுன்ட்டரிலிருந்து சித்தி தலைதெறிக்க ஓடிவந்தார்.

"என்னங்க இது! ஆபீஸ்ல வந்து மானத்தை வாங்குறீங்க!"

"நீ சொல்லல. அதான் வந்தேன். வண்டி பாலத்தைத் தாண்டுச்சா இல்லையா?"

அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது, வண்டி புத்தகத்துக்குள் நிற்கிறது என்று. மேடம் போனைக் கீழே வைத்துவிட்டு ரயிலைக் கூப்பிட்டுக் கேட்டார். "எந்த வண்டி மேடம்?" என்றார் அவர். என்னைக் கேட்டார். "பக்கமெல்லாம் சுத்தமா இருந்துச்சு மேடம்" என்றேன். வேறென்ன சொல்ல? மேடத்துக்கும் புத்தகத்தின் எண்தான் தெரியும். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்பார்கள். அன்று அந்த அறையில் நாங்கள் மூன்று பேர் நின்றோம்.

நல்லவேளை, புத்தகம் இன்னும் திரும்பிப் போகவில்லை. மேடம் அதை வரவழைத்து சித்தியின் கணவர் பக்கம் நகர்த்தினார். "இங்கயே உட்கார்ந்து நீங்களே படிச்சுக்கங்களேன்."

அவர் புத்தகத்தைத் தொடவில்லை. "படிக்கத் தெரியும்மா. ரோட்டுல இருக்கிற போர்டெல்லாம் படிச்சுத்தானே இத்தனை வருஷம் ஓட்டினேன்? இதுல கதை இருக்கும், சரி. எனக்கு இவ சொல்லணும். எந்த இடத்துல கோபப்படுறா, எதுக்குக் கண் கலங்குறான்னு பார்ப்பேன். இவ கூட வாழாமலே வயசாயிடுச்சு. இப்பதான் இவளை எனக்குத் தெரிய ஆரம்பிச்சிருக்கு."

சித்தி முந்தானை நுனியைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தார்.

"இதை வீட்டுல சொல்லக் கூடாதா?" என்றார் கடைசியில்.

"வீட்டுல நீ எங்க என்னைப் பேச விடுற?"

மேடம் முதலில் சிரித்தார். அப்புறம் என்னைப் பார்த்து முறைத்தார், ஏதோ எல்லாம் என் தப்பு என்பதுபோல. "அந்த இரட்டைப் படம் வராம இருக்க வழியே இல்லையா?" என்றார்.

வழி அலமாரிக்குள் கிடந்தது. ஸ்கேனரோடு வந்த மிதிகட்டை. வேகம் குறையும் என்று நாங்கள்தான் கட்டி வைத்திருந்தோம். அதை மாட்டிவிட்டால் கால் அழுத்தினால்தான் படம். எவ்வளவு நேரம் நின்றாலும் இயந்திரம் காத்திருக்கும். விஷயத்தைச் சொன்னேன். மேடம் கொஞ்சம் யோசித்தார்.

"சித்தி, கதையா வந்தா நீங்க பாருங்க. சட்டம், பூகோளம் எல்லாம் ரயிலுக்கு. மாசக் கடைசியில மட்டும் என் தலையை உருட்டாதீங்க."

நாங்கள் எல்லோரும் சித்தியோடு ஸ்கேனர் அறைக்குப் போனோம். மேடத்துக்கும் இப்போது வண்டியைப் பற்றிக் கவலை வந்துவிட்டது என்று நினைக்கிறேன். சித்தி விளக்கைப் போட்டார், புத்தகத்தை விரித்தார், பாலம் வருகிற பக்கத்தைச் சட்டென்று கண்டுபிடித்தார். நாங்கள் சுற்றி நின்றோம். ரயில்கூட நின்றார். சித்தி தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் வரியை வாய்விட்டுப் படிக்கத் தொடங்கினார்.

"இங்க வேணாம்" என்றார் சித்தியின் கணவர்.

சித்தி நிமிர்ந்து பார்த்தார்.

"நீ படிச்சு முடிச்சுட்டு வந்து சொல்லு." இடுப்பைப் பிடித்துக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினார். "அவசரமில்ல, மெதுவா வா. நான் வீட்டுலதான் இருப்பேன்."