சலோமி வீட்டு மாலை ஜெபம்

காஜாங் பாசாரில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தபோதுதான் சலோமி இறந்த செய்தி எனக்குக் கிடைத்தது. கிள்ளானிலிருந்து வந்த உபதேசியார் என்னைத் தேடிக்கொண்டு அங்கேயே வந்துவிட்டார். காய்ச்சலாம். முந்தின நாளே அடக்கமும் முடிந்துவிட்டதாம். எந்தப் பாட்டு பாடினார்கள் என்று கேட்டேன். 

பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அவள் கணவர் தாவீதும் என் கணவரும் ரயில் பட்டறையில் ஒன்றாக வேலை பார்த்தார்கள். மாலையில் அந்த வீட்டு வரிசைப் பெண்களெல்லாம் அவள் வீட்டில் ஜெபத்துக்குக் கூடுவோம். நம் சபைப் பத்திரிகையில் இதை வாசிக்கிற உங்களில் சிலர் அங்கே உட்கார்ந்தவர்கள்தாம். அன்று நடந்த ஏதாவது ஒன்றுக்கு ஒவ்வொருவரும் ஸ்தோத்திரம் சொல்லவேண்டும் என்பது சலோமி வைத்த வழக்கம். "உயிர் தந்தாரு, சுகம் தந்தாருன்னு பொதுவா சொல்லாத. இன்னைக்கு என்ன நடந்துச்சு, அதச் சொல்லு" என்பாள். காயப்போட்ட துணியில் ரயில் கரி விழாததற்கும், மீன்காரர் கூடுதலாக ஒரு மீன் போட்டதற்கும் அங்கே ஸ்தோத்திரம் சொல்லியிருக்கிறோம். சொல்லிச் சிரிப்போம். வீட்டுக்குப் போய் அடுப்புப் பற்றவைக்கும்போது மனசு லேசாக இருக்கும்.

பிறகு ரப்பர் விலை விழுந்த வருடங்கள் வந்தன. பட்டறையில் ஆட்களைக் குறைத்தார்கள். தாவீதுக்கும் வேலை போயிற்று. ஊரில் ஒரு வேலை பார்த்துக்கொண்டு அவளை அழைத்துக்கொள்வதாகச் சொல்லிக் கப்பலேறினார். சில மாதம் கழித்து ஊரிலிருந்து திரும்பிய ஒருவர், தாவீது காலராவில் போய்விட்டார் என்றார்.

சலோமி அழவில்லை. ஜெபத்தையும் நிறுத்தவில்லை. வழக்கம்போல் பாய் விரித்து விளக்கேற்றினாள். தன் முறை வந்தபோது, "இன்னைக்கு எனக்கு ஒண்ணும் இல்ல. பொய் சொல்ல மாட்டேன்" என்றாள். ஒரு பெண் கர்த்தருடைய சித்தம் என்று ஏதோ ஆரம்பித்தாள். அவள் முடிக்குமுன்பே சலோமி, நீ சொல்லு என்பதுபோல் அடுத்தவளைப் பார்த்துத் தலையசைத்தாள். வாரக்கணக்கில் இப்படியே போயிற்று. அவள் முன்னால் மீனையும் துணியையும் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. அவள்தான் விடவில்லை. "நீங்க சொல்லுங்க. நான் கேக்கவாச்சும் செய்றேன்" என்றாள்.

ஒரு மாலை அவள் முகம் வீங்கியிருந்தது. அவள் முறை வந்தது. "அவரு சட்டைய யாருக்காச்சும் குடுக்கலாம்னு எடுத்தேன். அழுதுட்டேன். அழ முடிஞ்சதுக்கு ஸ்தோத்திரம்."



அதன்பின் அவள் கிள்ளானில் ஒரு பிள்ளைகள் விடுதிக்குச் சமைக்கப் போனாள். நாங்கள் காஜாங் வந்துவிட்டோம். ஒரு கிறிஸ்துமஸுக்குப் பார்க்கப் போனபோது, அங்கேயும் சாப்பாட்டுக்கு முன்னால் பிள்ளைகள் ஒவ்வொருவராய் அன்றைய ஸ்தோத்திரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சந்தோஷமாக இருக்கிறாயா என்று கேட்டேன். "பழைய மாதிரி இல்ல. ஆனா தினமும் கொஞ்சம் வருது" என்றாள்.

அந்த வழக்கத்தைத்தான் அவளிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொண்டிருக்கிறேன். செய்தி வந்த அன்று, என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெண் ஒரு தட்டில் சோற்றை மூடிக் கொண்டுவந்து வைத்தாள். ஒன்றும் கேட்காமல் போய்விட்டாள். மாலையில் அதற்கு ஸ்தோத்திரம் சொன்னேன். நாம் இப்படி ஏதாவது சொன்னால் சலோமி கைவேலையை நிறுத்திவிட்டு முகத்தை முழுவதும் நம் பக்கம் திருப்பிக் கேட்பாள். சொல்லி முடித்த பிறகும், அந்த முகம் திரும்பும் என்று சற்றுநேரம் உட்கார்ந்திருந்தேன்.