முன்னுக்கு இருக்கிறவர்

கனடாவிலிருந்து விடுமுறைக்கு வட்டக்கச்சிக்கு வந்த மச்சானுக்கு, முதல் நாளே என் சேவலோடு பகை. விடிய முன்னம் அவன் தலைமாட்டில் நின்று கூவியதாம். வேறெங்கே நின்று கூவும்? அது அதன் வீடு.

"அத்தான், காசுக்குப் பதிலா புளியங்கொட்டை வைச்சுப் போக்கர் விளையாடுவம். உங்கட புளியங்கொட்டை முடிஞ்சால் சேவல் சட்டிக்க. என்ர முடிஞ்சால் நான் போகுமட்டும் அது கூவட்டும்."

முந்நூற்றிநாலு என்ற சீட்டாட்டம் விளையாடியே முடி நரைத்தவன் நான். எனக்குக் கடதாசி ஆட்டத்தில் பயமா? மாமரத்தின் கீழ் மூன்று கதிரை போட்டோம். எதிரே மனைவி, பக்கத்தில் அவள் தம்பியான மச்சான். ஆளுக்கு ஐம்பது கொட்டை.

"வழி மூண்டுதான்," என்றான் அவன். "மற்ற ஆக்கள் வைச்ச அளவு கொட்டை வைக்கலாம், கூட்டலாம், இல்லாட்டிக் கையில இருக்கிற கடதாசியைக் கவிழ்த்து விலகலாம். கவிழ்க்கிறது வெட்கமில்லை அத்தான், புதுசா விளையாடுறவைக்கு அதுதான் முதல் பாடம்."

பாடத்தைக் கொஞ்சம் கூடுதலாகவே படித்துவிட்டேன். மனைவி கூட்டும்போதெல்லாம் கவிழ்த்தேன். ஒரு தடவை மச்சான் நான் கவிழ்த்த கடதாசியைத் திருப்பிப் பார்த்துத் தலையில் கைவைத்தான்.

"ரண்டு ஆசு! இதையோ கவிழ்த்தனீங்கள்?"

"கொக்கா கேட்டிட்டா. சோடி கேட்டாப்பிறகு நான் ஏன் குறுக்க போக?"

"ஐயோ அத்தான், போக்கரில சோடி இல்லை. எல்லாரும் தனித்தனி!"

முந்நூற்றிநாலில் எதிரே இருப்பவர்தான் நம் சோடி; அவர் ஏலம் கேட்டால் நாம் விட்டுக்கொடுக்க வேணும். அந்தப் பழக்கம் விடவில்லை. அதற்குள் என் கொட்டைகளில் முக்கால்வாசி அவள் மடியில்.

என்னிடம் பன்னிரண்டு மிஞ்சியபோது மச்சான் இருபதை முன்னே தள்ளினான். மனைவி கவிழ்த்தாள். என் கையில் இரண்டு ஏழு.

"கவிழ்த்துப்போடுங்கோ அத்தான். பன்னிரண்டாவது மிஞ்சும்."

புத்தியுள்ளவன் கவிழ்த்திருப்பான். குசினி வாசலில் நின்ற சேவல் என்னைப் பார்த்தது. பயந்தாங்கொள்ளியாக இனி அதன் முகத்தில் விழிப்பதா? பன்னிரண்டையும் தள்ளினேன்.

அவனிடம் மூன்று ராசா.

"அக்கா, சட்டியை எடுங்கோ!"

அவள் எழும்பவில்லை. மடியிலிருந்து இரண்டு கையாலும் அள்ளி என் முன்னால் கொட்டினாள்.

"அக்கா, இது செல்லாது! போக்கர் சட்டத்தில..."

"உன்ர சட்டம் கனடாவில. இஞ்ச முன்னுக்கு இருக்கிறவர் என்ர சோடி. கடதாசியைப் போடடா." பிறகு என்னிடம் திரும்பினாள். "இஞ்சாருங்கோ, இனி ஆசுகளைக் கவிழ்த்தியளோ, சேவலுக்குப் பதிலா நீங்கள்தான் சட்டிக்க."

மச்சான் விமானம் ஏறும் நாள்வரை சேவல் ஒரு விடியலும் தவறாமல் கூவியது. நான் இன்றைக்கும் அவள் கூட்டினால் கவிழ்க்கிறேன். பிழை என்பவர்கள் வட்டக்கச்சிக்கு வந்து சொல்லட்டும். நாங்கள் இரண்டு பேர் இருக்கிறோம்.