வாங்கிய கோலுக்கும் ஒரு பிளேன்டி

நான் தேசிய உதைபந்தாட்ட அணியின் ரசிகன் என்று சொன்னால் எங்கள் ஊரில் இரண்டு விதமான ஆட்கள் சிரிப்பார்கள். முதலாவது விதத்தினர் 'தேசிய' என்ற சொல்லைக் கேட்டுச் சிரிப்பவர்கள். திருகோணமலையில் ஒரு தமிழன் அந்தச் சொல்லை வாயில் வைத்துக்கொண்டு தெருவில் நடந்தால் கொஞ்சம் விளக்கம் சொல்லத்தான் வேண்டும். இரண்டாவது விதத்தினர் அந்த அணி ஆடியதைப் பார்த்தவர்கள். முதலாமவர்களுக்கு நான் ஒரு பதில் வைத்திருந்தேன்: பந்துக்கு மொழி தெரியாது. கதை எழுதுகிறவன் மேடையில் சொன்னால் கைதட்டு விழும். இரண்டாமவர்கள், பந்துக்கு எங்கள் ஆட்களின் காலையும் தெரியாது என்று திருப்பிச் சொன்னார்கள்.

நான் போட்டி பார்க்கிற இடம் உள்துறைமுக வீதியில், மூதூருக்குப் படகு புறப்படும் துறைக்குக் கிட்ட உள்ள ஒரு தேநீர்க்கடை. கடைக்காரன் கிண்ணியாவைச் சேர்ந்தவன். பாலம் கடந்து மோட்டார் சைக்கிளில் வந்து கடை திறக்கிறான். பள்ளிக்கூடக் காலத்தில் அவனும் நானும் ஒரே அணியில் ஆடினோம். அவன் இடது பக்கத்தில் ஓடுவான். நான் கோல் காத்தேன். அதாவது, வலைக்குள் போன பந்தைக் குனிந்து எடுத்துக் கொடுக்கிற வேலை எனக்கு. முதுகுவலி என்று டொக்டரிடம் போனால் இன்றைக்கும் அந்தக் காலத்தைத்தான் காரணமாகச் சொல்கிறேன்.

கடையில் ஒரு வழக்கம் இருந்தது. எங்கள் அணி ஒரு கோல் அடித்தால் கடைக்குள் இருக்கும் எல்லோருக்கும் பால் விடாத ஒரு பிளேன்டி இலவசம். இளமையில், அணியின் மேல் முழு நம்பிக்கையோடு அவன் விதித்துக்கொண்ட சட்டம் அது. இதனால் அவன் வியாபாரம் நொடித்துப்போகும் என்று நான் எச்சரித்திருந்தேன். அந்தப் பயத்துக்கு அணி இடம் வைக்கவில்லை. கடைசியாக அவன் இலவசமாக ஊற்றியது எப்போது என்பதில் எங்கள் இருவருக்கும் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு.

அந்தக் காலத்தில் போட்டி நாளில் கடை கொள்ளாது. துறைமுகத் தொழிலாளிகள், பஸ் கண்டக்டர்கள், மூதூருக்குப் போக வந்து படகை வேண்டுமென்றே தவறவிட்டவர்கள் என்று வீதிவரை நிற்பார்கள். பிறகு உட்காரும் வாங்குகள் மட்டும் நிரம்பின. பிறகு ஒரு வாங்கு. கடைசியில் படகுக்குக் காத்திருப்பவர்கள் மட்டும் இருந்தார்கள். படகு வந்தால் எழுந்து போனார்கள், சில வேளை படகு வராமலே எழுந்து போய் வெயிலில் நின்றார்கள்.

உதைபந்தாட்டத்தின் மேல் வெறுப்பு வந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். உலகக் கிண்ணம் வந்தால் கிண்ணியாவிலும் மூதூரிலும் பிரேசில் கொடிக்கும் ஆர்ஜென்டீனாக் கொடிக்கும் நடுவில் வானம் தெரியாது. ஒரே வீட்டில் அண்ணனும் தம்பியும் அந்த மாதம் முழுக்கக் கதைக்க மாட்டார்கள். ஐரோப்பியக் கழகமொன்றின் ஆட்டக்காரர் எந்தப் பூனையை வளர்க்கிறார் என்று சொல்லத் தெரிந்த இளைஞர்கள் எங்கள் தெருவில் இருக்கிறார்கள். எங்கள் அணியின் தலைவர் யார் என்று கேட்டால், எந்த விளையாட்டில் என்று திருப்பிக் கேட்பார்கள். எனக்கும் தெரியாதுதான். ஆனால் தெரியாததற்காக வெட்கப்படுகிற தலைமுறை நான்.

அவர்களைக் குறை சொல்லவும் முடியவில்லை. எங்கள் அணியின் ஆட்டத்தைப் பார்ப்பது, கறிக்குள் தலைமயிரைக் கண்ட பிறகும் அதை ஒதுக்கிவிட்டுத் தொடர்ந்து சாப்பிடுவது போன்றது. முன்னால் ஆள் நிற்க, பந்தைப் பின்னால் கொடுப்பார்கள். பின்னால் நிற்பவன் அதைவிடப் பின்னால் கொடுப்பான். கோல் காப்பவன், அதற்கும் பின்னால் ஆள் இல்லாத கவலையோடு, வானத்துக்கு உதைப்பான். மூன்று கோல் வாங்கிய பிறகு, நிறையக் கற்றுக்கொண்டோம் என்று பேட்டி கொடுப்பார்கள். இவ்வளவு கற்றவர்கள் வேறு எந்தத் துறையிலும் இல்லை. அப்படியான ஒரு பேட்டியைக் கேட்டுவிட்டுத்தான் கடைக்காரனிடம், "இனி உன்ர கடைக்குத் தேத்தண்ணி குடிக்க மட்டும்தான் வருவன், மெட்ச் பார்க்க வரமாட்டன்" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். அதைச் சொன்னபோது இளைத்துப்போனவன் மாதிரி உடம்பு லேசாக இருந்தது.

சில வாரங்களுக்குப் பிறகு ஒரு காலையில் அவன் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே சொன்னான்.

"மச்சான், மகனை எடுத்திட்டாங்க."

எங்கள் ஊரில் அப்படி ஒரு வசனத்துக்கு, ஆளைக் கடத்திக்கொண்டு போய்விட்டார்கள் என்பதுதான் முதல் அர்த்தம். "ஆர் எடுத்தது?" என்றேன்.

"டீமுக்குடா! நாட்டு டீமுக்கு. ரெண்டாவது கீப்பர்."

அவனுடைய மூத்த மகன் கொழும்பில் ஒரு கழகத்துக்கு ஆடிக்கொண்டிருந்தான். கோல் காப்பவன். சின்ன வயதில் இந்தக் கடையின் வாங்கில் ஏறி நின்று கத்தியவன். எனக்குப் பின்னால் வந்து என் கழுத்தைப் பிடித்துக்கொண்டு போட்டி பார்த்தவன். நான் கடைக்காரனின் ஈரக் கையைப் பிடித்துக் குலுக்கினேன். குலுக்கும்போதே, இனி என்ன கேட்கப்போகிறான் என்று எனக்கு விளங்கிவிட்டது.

"வாற மெட்சுக்கு கடை நிரம்பணும் மச்சான். அவன் இறங்குவானோ என்னவோ, வெளியில குந்தி இரிக்கிறதையாவது கமராவில காட்டுவாங்கதானே? அந்த நேரம் இஞ்ச நீயும் நானும் மட்டும் இரிக்கிறதா? மெட்ச் முடிஞ்சா அவன் போன் எடுத்துக் கேட்பான், வாப்பா கடையில ஆக்கள் இருந்தாங்களா எண்டு. நான் என்னத்தச் சொல்ற?"

"நான் வாறதில்லை எண்டு சொன்னனான்."

"நீ வராம எங்க போற? வீட்டயா இரிக்கப் போற?"

என் மனைவியும் இதையேதான் வேறு தொனியில் கேட்பாள்.

அவன் ஆள் சேர்க்கத் தொடங்கினான். தேநீர் குடிக்க வந்து, அவனை அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடுகிற எல்லோரையும் அழைத்தான். "இன்ஷா அல்லாஹ் நானா" என்றார்கள் சிலர், வராமல் இருப்பதற்கான முன்னேற்பாடாக. உப்புவெளிப் பையன் ஒருவன், "அண்டைக்கு எங்கட மெட்ச் இருக்கு நானா" என்றான். அவன் 'எங்கட' என்று சொன்னது இங்கிலாந்தில் உள்ள ஒரு கழகத்தை. கடைக்காரன் மட்டையில் பெரிய எழுத்தில் அறிவித்தல் எழுதி வெளியே கட்டினான். நகரத்தில் திரியும் மான்களில் ஒன்று மறுநாள் காலை அதைப் பாதி தின்றுவிட்டது. அந்த அறிவித்தலில் ஆர்வம் காட்டிய ஒரே உயிர் அதுதான்.

போட்டிக்கு இரண்டு நாள் முன்னால் அவன் சட்டத்தை மாற்றினான்.

"ஆர் கோல் அடிச்சாலும் பிளேன்டி. எங்கட ஆக்கள் அடிச்சாலும் சரி, அவங்க அடிச்சாலும் சரி."

"உனக்கென்ன விசரா?" என்றேன். "அவங்கள் அடிக்கிறதுக்கு நீ ஏன் ஊத்துறாய்?"

"சனம் வரணும்டா. வந்து குந்திட்டா பார்க்கத்தானே வேணும். பார்த்தா பழையபடி பிடிச்சிப்போகும்."

"பார்த்ததாலதான்டா விட்டவங்கள்."

அவன் கேட்கவில்லை.

கடை நிரம்பியது. அப்படி ஒரு கூட்டத்தை அந்தக் கடையில் கண்டு எவ்வளவோ காலம். அன்புவழிபுரத்திலிருந்து ஒரு ஓட்டோ நிறைய வந்திருந்தார்கள். நம் நாட்டின் எந்த அலைவரிசையும் அந்தப் போட்டியைக் காட்டவில்லை; கைப்பேசியில் பிடித்துக் கம்பியால் தொலைக்காட்சிக்கு இழுத்திருந்தான். அடிக்கடி படம் நின்று ஒரு வட்டம் சுற்றியது. எங்கள் அணியின் ஆட்டத்தில் ஓரளவு வேகமாக நடந்தது அதுதான். எதிரணியின் நாட்டுப் பெயரை நான் எழுதப் போவதில்லை. அவர்களுக்கும் எங்கள் பெயர் தெரிந்திருக்காது.

ஆட்டம் தொடங்குவதற்கு முன் மகனைக் காட்டினார்கள். ஓர் இமைப்பொழுது, தண்ணீர்ப் போத்தலோடு. "அதோ, அதோ!" என்றான் கடைக்காரன். சிலர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் வட்டம் சுற்றத் தொடங்கிவிட்டது.

முதல் கோல் எங்கள் வலைக்குள் விழுந்தது. பிறகு பின்னால் இருந்து ஒருவன் தயங்கித் தயங்கி, "நானா, கோல்..." என்றான். எல்லோரும் சிரித்தார்கள். குவளைகள் வந்தன. இரண்டாவது கோல் விழுந்தபோது தயக்கம் இல்லை. வாங்குகள் எல்லாம் எழுந்தன.

"ஊத்துங்கோ நானா!"

"எனக்கு இஞ்சி போட்டு!"

"அடுத்த கோலுக்கு வடை ஒண்டும் சேர்த்துத் தாறீங்களா?"

எங்கள் பின்வரிசைக்காரன் ஒருவன் தவறுதலாகக் காலை நீட்ட, பந்து பட்டு வெளியே போனது. "மடையன்! தேத்தண்ணியைத் தட்டிவிட்டுட்டான்!" என்று கத்தினார்கள். எதிரணிக்காரன் பந்தோடு ஓடும்போது தொடையில் தட்டி உற்சாகப்படுத்தினார்கள். என் நாட்டு அணி தோற்றதை நான் நிறையத் தடவை பார்த்திருக்கிறேன். அது தோற்க வேண்டும் என்று ஒரு கடை நிறைய ஆட்கள் ஒரு ஓசிப் பிளேன்டிக்காக வேண்டிக்கொண்டதை அன்றுதான் பார்த்தேன். வாயில் எச்சில் ஊறிவந்தது, துப்ப இடம் இல்லை. எனக்கும் ஒரு குவளை வந்தது. குடித்தேன். என் நாகரிகம் அவ்வளவுதான்.

இடைவேளைக்குப் பிறகு எங்கள் கோல் காப்பவன் ஒருவனோடு மோதித் தோளைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். எழும்பவில்லை. கமரா ஓரத்துக்குப் போனது. மேல்சட்டையைக் கழற்றிக்கொண்டு, கையுறையைப் பல்லால் இழுத்துக்கொண்டு நின்றவன் மகன்.

கடைக்காரன் தேயிலைச் சாயம் வடிக்கும் துணிப்பையோடு அப்படியே நின்றான். பைக்குக் கீழே குவளை இல்லை. சாயம் மேசையில் ஊற்றியது.

"டேய், நானாட மகன்டா அது!"

அதற்குப் பிறகு வந்தது உண்மையான சத்தம். பழைய காலத்துச் சத்தம். வீதியால் போனவர்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள். மகன் முதல் பந்தை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தபோது கூரைத் தகரம் அதிர்ந்தது. நான் வாங்கில் ஏறி நிற்பதை என் முழங்கால் சொல்லித்தான் அறிந்தேன். ஒரு பத்து நிமிடம் அந்தக் கடையில் எல்லோரும் ரசிகர்கள். கடைக்காரனின் கணக்குச் சரிதான் போலிருக்கிறது என்றுகூட நினைத்தேன்.

பிறகு மைதானத்தின் மூலையிலிருந்து ஒரு பந்து உயர்ந்து வந்தது. மகன் முன்னால் ஓர் அடி வைத்தான், நின்றான், பின்னால் போனான். பந்து அவன் கைக்கு மேலால் உள்ளே போனது.

சுவரோரம் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவன், திரையில் எண் மாறியதை மட்டும் கண்டு, பழக்கத்தில் கையை உயர்த்தினான்.

"நானா, பிளேன்டி!"

பக்கத்தில் இருந்தவன் அவன் பிடரியில் ஒன்று போட்டான். "வாயை மூடு, மாடு! ஆர் கீப்பர் எண்டு தெரியாதா?"

"ஏன் அவனுக்கு அடிக்கிற?" என்றான் கடைக்காரன். "சொன்னது சொன்னதுதானே."

குவளைகளை வரிசையாக வைத்தான். எல்லோருக்கும் ஊற்றினான். "வேண்டாம் நானா" என்றார்கள். "குடிங்க" என்றான். கோபம் இல்லை, நக்கல் இல்லை. வாடிக்கையாளனிடம் சொல்கிற அதே குரல். கசாயம் கொடுக்கப்பட்ட நோயாளிகள் மாதிரி அவர்கள் குவளையைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள்.

இன்னொரு கோல் விழுந்தது. மறுபடியும் குவளைகளை வைத்தான். இப்போது ஒவ்வொருவராக எழும்பத் தொடங்கினார்கள். ஒருவருக்குப் படகு, ஒருவருக்குப் பிள்ளையை டியூஷனிலிருந்து கூட்டிவர வேண்டும். ஓசித் தேநீருக்காக வந்தவர்கள் ஓசித் தேநீரைக் கண்டு ஓடினார்கள். மகனுக்காகக் கூரை அதிரக் கத்தியவர்களும் இவர்கள்தான் என்பது எனக்கு இன்னும் அருவருப்பாக இருக்கிறது. கத்தாமல் இருந்திருந்தால் மன்னித்திருப்பேன்.

நான் அவன் கையைப் பிடித்தேன். "போதும்டா. வை."

"நீயும் கீப்பர்தானே? நீ கோல் வாங்கக்குள்ள உனக்கு ஆரும் தேத்தண்ணி தரல்லியா?"

"எனக்குக் கல்லால எறிஞ்சவங்கள்."

"அப்ப இதைக் குடி."

குடித்தேன்.

ஆட்டம் முடிந்து, மேசைகளைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது கைப்பேசி அடித்தது. கை ஈரமாக இருந்ததால் ஒலிபெருக்கியில் போட்டான்.

"வாப்பா, பார்த்தீங்களா?"

"பார்த்தன் மகன்."

"கடையில ஆக்கள் இருந்தாங்களா?"

கடைக்காரன் வெறும் வாங்குகளைப் பார்த்தான். பாதி குடித்த குவளைகளில் ஈ மொய்க்கத் தொடங்கியிருந்தது.

"கடை கொள்ளாத சனம் மகன். நீ இறங்கக்குள்ள போட்ட சத்தம் ஹார்பருக்கே கேட்டிரிக்கும்."

"கோல் போகக்குள்ள ஏசினாங்களா?"

"இல்ல மகன். உன்னை ஒருத்தரும் ஏசல்ல. எல்லாரும் தேத்தண்ணி குடிச்சிக்கிட்டு இருந்தாங்க."

ஒரு சொல்லும் பொய் இல்லை. எழுத்தில் இத்தனை வருடம் பொய் சொல்லிப் பிழைத்த எனக்கு, உண்மையை இப்படிக் கட்டத் தெரிந்ததில்லை.

"அங்கிள் இரிக்காரா?" என்றான் மகன். "அங்கிள், அந்தக் கோர்னருக்கு நான் முன்னுக்கு வந்திருக்கணுமா?"

வந்திருக்க வேண்டும். கோல் காத்த எவனுக்கும் தெரியும். தகப்பன் துடைப்பதை நிறுத்திவிட்டு என் வாயைப் பார்த்தான்.

"நான் முன்னுக்கு வந்தும் வாங்கியிருக்கிறன் மகன், பின்னுக்கு நிண்டும் வாங்கியிருக்கிறன்," என்றேன். "வந்து வாங்கினா நித்திரை வரும். நிண்டு வாங்கினா வராது."

"அடுத்த முறை முன்னுக்கு வாறன் அங்கிள்," என்றான் மகன். பிறகு, "நீங்களும் கடைக்கு வருவீங்கதானே?"

"ஓம்," என்றேன்.

இவ்வளவு அசிங்கத்துக்குப் பிறகும் வாய் அதைத்தான் சொன்னது. தொலைபேசி நின்ற பிறகு, அடுத்த போட்டி எந்த நாட்டோடு என்று கடைக்காரனைக் கேட்டேன். அவனுக்கும் தெரியவில்லை.