டாக்டர் முன்னால் போட்ட வேஷம்

காலையில் வாய் கொப்பளித்தபோது தண்ணீர் இடது ஓரமாக ஒழுகிச் சட்டையை நனைத்தது. அதுதான் ஆரம்பம். என் கணவர் உடனே கண்ணாடி முன்னால் போய் நின்றார். என்ன ஆயிற்று என்று பார்க்க அல்ல, இடது புருவம் தூக்க வருகிறதா என்று பார்க்க. அந்தப் புருவத்தைத் தூக்கியே என் மாமனார் சினிமாவில் ஊரெல்லாம் விசில் வாங்கியவர். பிள்ளைக்கும் அதைக் கற்றுக்கொடுத்தார். வேறு நடிப்பு எதுவும் கற்றுக்கொடுத்ததாக எனக்குத் தெரியவில்லை.

புருவம் அசையவில்லை. கண் மூடவில்லை. சிரித்தால் வாய் வலப்பக்கம் இழுத்துக்கொண்டு போனது.

அறுபதுகளின் கடைசி அது. சிறு பிள்ளையாக இருந்தபோது அப்பா படங்களில் அப்பாவின் சின்ன வயது வேஷம், வளர்ந்தபின் கதாநாயகனாக ஓடாத சில படங்கள், இவ்வளவுதான் இவருடைய சினிமா. கையில் இருந்த படம் தூக்கிவிடும் என்று மாமனார் வீட்டில் நம்பிக்கொண்டிருந்தார்கள். பத்திரிகைக்காரர்கள் கண்ணில் படக்கூடாது என்று எங்களை ஆரம்பாக்கத்தில் என் அப்பா வீட்டுக்கு அனுப்பினார்கள். பட்டிக்காட்டுச் சம்பந்தம் என்று கல்யாணத்தில் முகம் சுளித்தவர்கள்தான். ஒளிய இடம் வேண்டுமென்றதும் பட்டிக்காடு இனித்துவிட்டது.

திருவள்ளூரில் ஒரு டாக்டர் பார்த்தார். முகவாதம் (முகத்தின் ஒரு பாதியை அசைக்கும் நரம்பு செயலிழப்பது) என்றார். பெரும்பாலும் தானே சரியாகும், ஆபத்து கண்ணுக்குத்தான் என்றார். இமை மூடாததால் சொட்டு மருந்து விட வேண்டும், ராத்திரி கட்டுப் போட வேண்டும், தூசியே படக்கூடாது. எல்லாம் செய்தேன். கன்னத்தைத் தடவிவிட்டேன், வழிந்த கஞ்சியைத் துடைத்தேன். மெல்ல உதடு திரும்பிவந்தது. கண் மட்டும் மூடவில்லை.

அந்த நேரத்தில் மாமனார் வந்தார். அவர் காரிலிருந்து இறங்குவதற்குள் ஊரே கூடிவிட்டது. பிள்ளையை ஒளித்துவைத்த லட்சணம் அது! முகம் சரியாகிவிட்டது என்று டாக்டர் சொன்னால் தயாரிப்பாளர் காத்திருப்பாராம். இல்லையென்றால் என் கொழுந்தனை வைத்து எடுத்துவிடுவாராம். கேட்டதும் இவருக்கு முகம் வெளுத்துப்போயிற்று. கூடப் பிறந்தவனுக்கு இப்படி நடுங்குகிற குடும்பத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

மாமனார் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒத்திகை வைத்தார். நாடகத்தில் பணக்காரன் வேஷத்துக்குக் கன்னம் உப்பப் பஞ்சு அடைப்பார்கள். அதே பஞ்சைப் பிள்ளையின் தொங்கிய கன்னத்துக்குள் அடைத்தார். டாக்டர் கண்ணை மூடச் சொன்னால் தலையைத் தாழ்த்திக் கீழே பார்க்க வேண்டும், இமை தானே இறங்கும், மூடினது போலத் தெரியும் என்று சொல்லிக்கொடுத்தார். இவரும் பயபக்தியோடு செய்துகாட்டினார்.

"மாமா, டாக்டராண்டயே வேஷம் போட்டா இன்னா ஆவறது? ராத்திரி பூரா கண்ணு தொறந்துக்கினே கெடக்குது" என்றேன்.

"நடிகனின் முகத்தைப் பற்றி எனக்கு நீ பாடம் நடத்த வேண்டாம் அம்மா" என்றார். வீட்டுக்குள்ளும் மேடைக் குரல்தான்.

திருவள்ளூர் ஆஸ்பத்திரியில் என்னை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு இருவரும் உள்ளே போனார்கள். மாமனாரைப் பார்த்து டாக்டர் வாய் பிளந்து நின்றதையும், கண்ணை அரைகுறையாகப் பார்த்துவிட்டுக் கட்டும் வேண்டாம் மருந்தும் வேண்டாம் என்று சொன்னதையும் பிறகு இவரே பெருமையாகச் சொன்னார். படித்த மனுஷன், அவரும் ரசிகராகிவிட்டார். என் கணவர் வாழ்நாளில் உருப்படியாக நடித்த காட்சி அது ஒன்றுதான்.

கொடுமை என்னவென்றால், போட்ட வேஷத்தை அவரே நம்பிவிட்டார். அறுவடை சமயம். களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தார்கள். கண்ணுக்குத் துணி கட்டிக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினேன். டாக்டரே வேண்டாமென்றுவிட்டார் என்று தள்ளிவிட்டுப் போய், ஆட்களோடு நின்று சிரித்துப் பேசினார். காற்று திரும்பியபோது எல்லாருக்கும் இமை மூடியது. இவருக்கு மூடவில்லை. பதர்த் துணுக்கு ஒன்று உள்ளே போய்க் கருவிழியைக் கீறிவிட்டது.

கருவிழிப் புண் (கண்ணின் முன்புறத் தெளிந்த படலம் அழுகிப் புண்ணாவது) என்றார்கள் சென்னையில். புண் ஆறியபின் அந்த இடம் வெள்ளையாக மூடிக்கொண்டது. இந்த முறை நான் யாரையும் கேட்கவில்லை, உள்ளே போய் அவர் பக்கத்தில் நின்றுகொண்டேன். டாக்டர் விளக்கை அடித்து வெளிச்சம் தெரிகிறதா என்று கேட்டார்.

"கொஞ்சம்... தெரியற மாதிரி..." என்று இவர் ஆரம்பித்தார்.

"பொய் சொல்லாதீங்க" என்றேன்.

விளக்கிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ஒண்ணும் தெரியல டாக்டர்" என்றார்.

மாமனார் வரவில்லை. கொழுந்தன் படத்துக்கு அன்றைக்குப் பூஜை.

உங்கள் வீட்டில் யாருக்காவது வாய் கோணினால் பயப்படாதீர்கள், முகம் பெரும்பாலும் திரும்பிவிடும். கண்ணைக் காப்பாற்றுங்கள். டாக்டரிடம் போனால் நீங்களும் உள்ளே போங்கள். எவ்வளவு பெரிய மனிதர் தடுத்தாலும் போங்கள்.

இவர் முகமும் முக்கால்வாசி திரும்பிவிட்டது. ஆரம்பாக்கத்திலேயே இருக்கிறோம். படம் வெளியாகும் நாளை வைத்து வருஷத்தை எண்ணியவருக்கு இப்போது நடவும் அறுப்பும்தான் காலம். யாராவது பார்க்க வந்தால் முகத்தின் வலப்பக்கத்தைக் காட்டி, எல்லாம் சௌக்கியம் என்று சிரிக்கிறார். நானும் அந்தப் பக்கம் உட்கார்ந்தால் எனக்கும் அதே சிரிப்புதான். அதனால் இடப்பக்கம் உட்காருகிறேன். பார்வை போன கண் அந்தப் பக்கம். அங்கே ஒருத்தி பார்த்துக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியாது, எனவே நடிப்பதில்லை. எவ்வளவு பயந்த மனிதரைக் கட்டிக்கொண்டிருக்கிறேன் என்பதை அங்கிருந்துதான் பார்த்தேன்.