அலறாத அலைமதி

போன ஞாயிறு தம்பானூர் புத்தகச் சந்தையில் நான் தோற்றுப்போனேன். இவ்வளவு சந்தோஷமாக நான் தோற்றதே இல்லை!

நான் கதை எழுத, என் மனைவி ஷைலா படம் வரையும் சூப்பர் ஹீரோ காமிக்ஸ் பற்றி இந்தப் பத்தியில் ஏற்கெனவே புலம்பியிருக்கிறேன். இடிமாறன், அலைமதி — இருவருக்கும் சம பலம், இருவருக்குள்ளும் காதல். முதல் இரண்டு இதழ்களும் படுத்துவிட்டன. மூன்றாவதும் ஓடவில்லையென்றால் தொடரை நிறுத்திவிடுவதாகப் பதிப்பாளர் சொல்லிவிட்டார்.

விடுவேனா? காதலைத் தூக்கலாகப் போட்டேன். எட்டாவது மாடியிலிருந்து இடிமாறன் விழுகிறான். சரியும் பாலத்தைத் தாங்கி நிற்கும் அலைமதி, "ஐயோ!" என்று அலறி, எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடி வருகிறாள்...

ஷைலா வரைந்து கொடுத்த பக்கத்தில் அலைமதி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த கட்டத்தில் இடிமாறன் எழுந்து, தூசியைத் தட்டிவிட்டு, பாலத்தின் மறுமுனையைப் பிடிக்கிறான். அவ்வளவுதான்.

"இதுல காதல் எங்கே?" என்று குதித்தேன்.

ஷைலாவுக்கு ஊர் பாறசாலை; தமிழில் மலையாளம் கலக்கும். "பின்னே? அவன் விழுந்தா எந்திப்பான்னு அவளுக்குத் தெரியும் அல்லே? பாலத்து மேல ஒரு பஸ் நிறைய ஆளு இருக்கு, கேட்டீங்களா? கைய விட்டா அவனே அவள மதிக்க மாட்டான்."

அச்சுக்கு நேரமாகிவிட்டது. அவள் பக்கமே போனது. நான் மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன்.

சந்தையில், கட்டட வேலை பார்க்கும் திருநெல்வேலித் தம்பதி எங்கள் ஸ்டாலில் நின்றபடியே புத்தகத்தைப் புரட்டினார்கள். பாலம் வந்ததும் அந்த அம்மா கணவரை முழங்கையால் இடித்துவிட்டு என்னிடம் சொன்னார்.

"இவுக சாரத்து மேல நிப்பாக, நான் கீழ கலவை போடுவேன். ஒருநா இவுகளுக்குக் கால் வழுக்கிட்டு, கம்பைப் பிடிச்சுத் தொங்குதாக. நான் கத்தல சார். கத்தினா பிடிச்ச பிடி விட்டுரும்லா?"

கணவர் சிரித்தார். "அவ கத்தாம நின்னா. நானே தொத்தி ஏறிட்டேன்."

எனக்குச் சுருக்கென்றது. சமமான இருவரின் காதலுக்கு அலறலா வேண்டும்? அவன் சமாளித்துக்கொள்வான், நான் என் முனையை விடக்கூடாது — இந்த நம்பிக்கையைவிடப் பெரிய முத்தம் உண்டா? இது தெரியாமல் பத்து வருஷமாகக் குடும்பம் நடத்தியிருக்கிறேன்!

மாலைக்குள் கொண்டுபோன இருநூறு பிரதியும் காலி. பதிப்பாளர் போனில் துள்ளினார். "தொடர் நிக்காது சார்! அந்தப் பாலம் சீன்... என்ன கற்பனை சார் உங்களுக்கு!"

ஒரு நொடி... ஒரே ஒரு நொடி சபலப்பட்டேன். பிறகு, "அது ஷைலாவோடது" என்று சொல்லிவிட்டேன்.

"அப்போ அடுத்த இதழ் அட்டையில அவங்க பேரை முதல்ல போட்டுடலாமா?"

நேற்று அட்டை வந்தது. அவள் பெயர்தான் முதலில். எழுத்தின் அளவு மட்டும் இருவருக்கும் ஒன்றுதான் — ஸ்கேல் வைத்து அளந்துவிட்டேன்!